சாவு மேளமும் கோட்டு சூட்டும்

செந்துறைப் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவுக்குச் சேதி சொல்வது பறைச் சத்தம்தான். அடிப்பவர்கள் பந்தலுக்கு வெளியே நிற்பார்கள். பிறகு சுடுகாடு வரை அடித்துக்கொண்டே நடப்பார்கள். சத்தம் எல்லோருக்கும் வேண்டும், அடிக்கிறவர் பெயர் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதே வீட்டில் கல்யாணம் என்றால் அந்த ஆட்களைக் கூப்பிடுவதும் இல்லை. அதற்கு நாதஸ்வரம், கையில் காசிருந்தால் கேரளாவிலிருந்து செண்டை மேளம்!

இந்தப் பறையையும், வடசென்னையில் சாவு வீட்டு வாசலில் விடிய விடியப் பாடப்படும் கானாவையும் சேர்த்துக் கோட்டு சூட்டுப் போட்டு மேடையேற்றிய குழுதான் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, மொத்தம் 19 பேர். ‘சாதியில்லாத் தமிழர்கள்’ என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து வந்த பெயர். பறை, சட்டி, கட்ட மோளம் ஒரு பக்கம், கிடாரும் டிரம்ஸும் மறுபக்கம், நடுவில் அரக்கோணத்து அறிவின் ராப். அந்த 19 பேரில் ஒரே பெண் இசைவாணி. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடி, 2020ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தவர்.

இவர்களைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் அரசியலை மட்டுமே பேசுகிறார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, அம்பேத்கரைப் பற்றி இருக்கிறது, ஆகவே இது பிரச்சாரம், இசை அல்ல என்று முடித்துவிடுகிறார்கள். இது சரியான வாதமாகத் தெரியவில்லை. ஆட வைக்கிற இசை அரசியல் பேசக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

கரீபியன் தீவான டிரினிடாடைப் பாருங்கள். அங்கே வெள்ளைக்கார அரசு 19ஆம் நூற்றாண்டில் கறுப்பர்களின் தோல் மேளத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. அவர்கள் மூங்கிலைத் தட்டினார்கள், பிறகு எண்ணெய் டிரம்மைத் தட்டினார்கள். அந்த எண்ணெய் டிரம்தான் ஸ்டீல் பேன் ஆகி, இன்று அந்த நாட்டின் தேசிய வாத்தியம். அரசியலைக் கிண்டலடிக்கும் கலிப்ஸோ பாட்டும் அங்கே உண்டு. 1970களில் லார்ட் ஷார்ட்டி என்ற பாடகர் அந்தக் கலிப்ஸோவில் இந்தியக் கூலிகளின் வாரிசுகள் வாசித்த டோலக்கைக் கலந்தார். சோகா என்ற இசை பிறந்தது. உலகமே அதற்கு ஆடுகிறது, யாரும் ‘இது இசையா’ என்று கேட்கவில்லை. நம் ஊரில் மட்டும் சட்டி மேளம் மேடையேறினால் முகம் சுளிக்கிறது...

ஆனால் மேடை கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? ‘என்ஜாய் எஞ்சாமி’ கதையைப் பாருங்கள். 2021 மார்ச்சில் வெளியாகி உலகம் முழுக்கப் போன பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் அவருடைய படம் இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், சண்டை கிளம்பியது, அதற்குப் பிறகுதான் அறிவை வைத்துத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று அவருக்கும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனுக்கும் இடையே அறிக்கைகள் பறந்தன. பங்குக் கணக்கு எப்படியோ இருக்கட்டும், ஆளைக் காணோம் என்பதுதான் உறுத்துகிறது. பந்தலுக்கு வெளியே நின்று அடிப்பவர் கதைதானே இதுவும்?

பெயர் கிடைத்தவருக்கோ வேறு தொல்லை. சபரிமலை விவகாரம் சூடாக இருந்த 2018ல் இசைவாணி பாடிய ‘ஐயாம் சாரி ஐயப்பா’வுக்கு ஆறு வருடம் கழித்து, 2024 நவம்பரில் திடீரென்று புகார்களும் மிரட்டல்களும் கிளம்பின. பாட்டை எழுதியவர்கள், இசையமைத்தவர்கள் என்று குழுவே இருக்க, வசவெல்லாம் அந்தப் பெண்ணின் தலையில்!

குழுவின் மேல் குறை இல்லாமல் இல்லை. 19 பேரை ஒன்றாக வைத்துக் கச்சேரி நடத்துவது பெரிய செலவு. சினிமா கூப்பிட்டால் ஆளாளுக்குப் போகத்தான் செய்வார்கள், அதைத் தப்பு சொல்ல முடியாது. ஒரு இயக்குநரின் ஆதரவை மட்டுமே நம்பி எவ்வளவு நாள் ஓட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் இவர்கள் திறந்த வழியில்தான் நீலத்தின் ‘மார்கழியில் மக்களிசை’ 2020 டிசம்பரில் தொடங்கியது. சபாக்களின் மாதத்தில் பறையும் ஒப்பாரியும்! அடுத்த வருடமே மதுரைக்கும் கோவைக்கும் போனது. அந்த மேடை ஒரு தடவை அரியலூர்ப் பக்கமும் வரட்டும். செந்துறையில் பறையடிக்கிற பெரியவர்களின் பெயரை அன்றைக்காவது மைக்கில் சொல்லித்தானே கூப்பிட வேண்டும்?