ஓடுகிற வண்டியில் கை வைக்கத்தான் வேண்டும்

"ஓடுற வண்டியில கை வைக்காதே." டீக்கடையில் சொல்வார்கள், டாக்சி ஸ்டாண்டில் சொல்வார்கள், சில பட்டறைகளிலேயே சொல்வார்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டிக்கு இதைவிடக் கேடான புத்திமதி கிடையாது. இதை நம்பி நாங்கள் பட்டதைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மேலூர் பக்கம் நாலுவழிச் சாலை. அக்கா வீட்டுக்காரர் ஓட்டினார். பின்சீட்டில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும். டீசல் வண்டி, 1,20,000 கிலோமீட்டர் ஓடியது. ஒரு லட்சத்தில் பெல்ட் மாற்றச் சொல்லி கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. "சத்தமே இல்லாம ஓடுது, எதுக்குப் பிரிக்கணும்?" என்று தள்ளிப்போட்டோம். அன்று எஞ்சின் திடீரென்று அணைந்தது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக் இரண்டு மிதிக்கு மேல் கட்டையாகிவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. எப்படியோ ஓரம் கட்டினார். மறுபடி சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் வழக்கமான கனம் இல்லாமல் விர்ரென்று சுற்றியது. யாரோ "தள்ளிப் பாருங்க" என்றார்கள். கியரில் போட்டுத் தள்ளினோம். அந்தத் தள்ளலை நினைத்தால் இன்றும் மனசு கூசுகிறது.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் கவரைக் கழற்றிக் காட்டினார். பெல்ட்டில் ஒரு ஜாண் நீளத்துக்குப் பற்கள் அடியோடு பெயர்ந்திருந்தன. உள்ளே இருக்கும் கண்ணாடி இழை, நரைத்த முடி போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, ஹெட்ட இறக்கித்தான் பாக்கணும்," என்றார். இறக்கியபோது நான்கு பிஸ்டன் தலையிலும் நகத்தால் கீறியது போலப் பிறை வடிவத் தழும்புகள். வால்வு ஒன்றைக் கண்ணாடிப் பலகையில் உருட்டினார். அதன் தலை நொண்டியடித்தது.

ஏன் இப்படி? கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. இந்தக் கணக்கைப் பிசகாமல் காப்பது அந்த ரப்பர் பெல்ட்தான். 3,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு விலகியிருக்க வேண்டும். பெல்ட் போனதும் கேம் நின்றுவிடும். கிராங்க் நிற்காது, ஓடுகிற சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்தபடி நின்ற வால்வு மேல் பிஸ்டன் மோதும். டீசலில் கம்ப்ரஷன் அதிகம் என்பதால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே இடமே கிடையாது. சில எஞ்சின்களில் ராக்கர் ஆர்ம் முதலில் முறிந்து வால்வைக் காப்பாற்றும். எல்லாவற்றிலும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்வது என்றால், வளைந்த வால்வைத் திரும்பத் திரும்ப அடிப்பது என்று அர்த்தம்.

இந்த வாக்கு பிறந்த காலத்தில் அதில் நியாயம் இருந்தது. அம்பாசடரிலும் பத்மினியிலும் டைமிங் செயின்தான். செயின் தேய்ந்தால் கலகலக்கும், டாப்பெட் தட்டும். நல்ல காது உள்ள மெக்கானிக் தெருமுனையில் வண்டி வரும்போதே நோயைச் சொல்லிவிடுவார். சாவதற்கு முன்னால் கத்துகிற இயந்திரம் அது. அதைத் தேவையில்லாமல் பிரித்துப்போட்டுக் கெடுத்தவர்களும் உண்டு. ஆனால் 1983இல் வந்த மாருதி 800இலேயே ரப்பர் பெல்ட் வந்துவிட்டது. பெல்ட் கத்தாது. சூட்டிலும் வயசிலும் ரப்பர் இறுகும், ஆயில் கசிந்தால் ஊறிப்போகும், எல்லாம் கவருக்குள்ளே. வெளியே சத்தம் பழைய மாதிரியே சீராக இருக்கும். வண்டிகள் மாறி நாற்பது வருஷமாகியும் நம் வாக்கு மாறவில்லை.

"என் வண்டியில பெல்ட் அறுந்துச்சு, புதுசு போட்டேன், ஓடுது" என்று சாட்சி சொல்பவர்களும் இருக்கிறார்கள். பொய்யில்லை. சில பெட்ரோல் எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் தொட்டுக்கொள்ளாத அளவுக்கு இடைவெளி உண்டு. அந்த எஞ்சினின் அமைப்பு உங்கள் வண்டிக்கு உத்தரவாதம் ஆகுமா?

என்னை அதிகம் கோபப்படுத்துவது இன்னொன்று. 2005இல் வந்த முதல் இன்னோவாவின் 2.5 டீசலில், குறித்த கிலோமீட்டர் ஆனதும் மீட்டரில் டி-பெல்ட் விளக்கு எரியும். பேசாத பெல்ட்டுக்காகக் கம்பெனி வைத்த வாய் அது. மீட்டர் பட்டனை அழுத்தி அந்த விளக்கை மட்டும் அணைத்து, பழைய பெல்ட்டோடு வண்டியைச் சவாரிக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதே வண்டி சந்தைக்கு வரும்போது "பெல்ட் போட்டாச்சு" என்பார்கள். பில் எங்கே என்றால் இருக்காது. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் வண்டி அது. இதைச் சிக்கனம் என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன். 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் 2.4 டீசலில் செயின்தான். பழைய இன்னோவாக்களோ இன்னும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

"அதிகம் ஓடலையே" என்பதும் செல்லாது. ரப்பருக்குக் கிலோமீட்டரோடு வருஷமும் கணக்கு. ஷெட்டில் நின்ற வண்டியிலும் அது மூப்படையும்.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் பேரிங், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து மாற்ற எங்களிடம் முதலில் கேட்டது 14,000 ரூபாய். வாட்டர் பம்ப் எதற்கு என்று அதற்கே முகம் சுளித்தோம். பல வண்டிகளில் பெல்ட்தான் பம்பையும் சுற்றுகிறது; பம்ப் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போகும். கடைசியில் வால்வு, கைடு, ஹெட் கேஸ்கெட், லேத் வேலை, கூலி, டோயிங் என்று கட்டியது 86,000. பதினெட்டு நாள் வண்டி இல்லை. இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்று நினைத்தோம். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் மோட்டார் பாலிசியில் விலக்கு என்று பாலிசியிலேயே எழுதியிருந்தது, நாங்கள்தான் படித்திருக்கவில்லை.

ஹெட்டை மாட்டுவதற்கு முன் அந்த மெக்கானிக் வால்வுகளைப் பொருத்தி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாட்டினார். கடைசியில் பானெட்டின் உள்பக்கம் துடைத்து, பெயின்ட் மார்க்கரால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதினார். பழைய பெல்ட்டை ஒரு கவரில் போட்டு அக்கா கையில் கொடுத்தார். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியைப் பற்றி "நல்லாத்தானே ஓடுது" என்று ஆரம்பித்தபோது, அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அந்தக் கவரை எடுத்துவந்து அவர் முன்னால் பிரித்தாள்.