கணக்கு நோட்டை மாணவர் கையில் கொடுங்கள்

18 வயது நிரம்பியவர் வாக்களிக்கலாம் என்பது 1989 முதல் இந்த நாட்டின் சட்டம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாயைக் கல்லூரி மாணவர்களின் சொந்த வங்கிக் கணக்கிலேயே போடுகிறது. அதே மாணவர் விடுதியிலிருந்து ஒருநாள் வெளியூர் போவதென்றால், பல கல்லூரிகளில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். மாணவி என்றால் பொழுது சாய்வதற்குள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும்.

பொறியியல் கல்லூரி விடுதியில் பல ஆண்டுகள் துணைக் காப்பாளராக இருந்தவன் நான். பொறுப்பு வரட்டும், பிறகு சுதந்திரம் தரலாம் என்று காத்திருந்தால் இரண்டுமே வராது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவு மொத்தத்தையும் சாப்பிட்டவர்கள் பங்கிட்டுக் கட்டுவார்கள். மெனு போடுவது, காய்கறி வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் மெஸ் ரெப்பின் வேலை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. மெஸ் பில் எகிறியதும், "காசெல்லாம் எங்கே போச்சு?" என்று கூட்டமாக வந்து நின்றார்கள். ரெப்பாக இருந்த இரண்டாம் ஆண்டு மாணவர், ஸ்டாக் ரிஜிஸ்டரையும் மண்டிக்கடை பில்களையும் மேசைமேல் பரப்பினார். அரிசி, எண்ணெய், கேஸ் என்று வரிசையாகப் படித்தார். இரவில் குப்பைக்குப் போகும் சோற்றையும் எடைபோட்டு எழுதி வைத்திருந்தார். அதைப் படித்தபோது எதிர்ப்பேச்சு எழவில்லை. மறுநாள் தக்காளிச் சட்னி போய்ப் புதினாத் துவையல் வந்தது. சாப்பிட வராதவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் பில் இறங்கியது. கணக்குத் தப்பினால் தன் பையும் நண்பர்களின் பையும் காலியாகும் என்பதுதான் அந்த மாணவரைக் கவனமாக்கியது. எங்கள் அறிவுரை எதுவும் அதில் இல்லை.

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. கடன் செயலியிலும் ஆன்லைன் சூதாட்டத்திலும் சிக்கிய மாணவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நூறு ரூபாய்க்குக்கூடச் சொந்தமாக முடிவெடுத்துப் பழகாமல் வந்தவர்கள் அவர்கள். முதல் சறுக்கலை வீட்டில் சொல்லப் பயந்தார்கள். அந்தப் பயமே கடனைப் பெருக்கியது.

விடுதி விதிகளைப் பற்றி நீதிமன்றமும் பேசியிருக்கிறது. கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரியில், மாலையில் செல்போன் கூடாது என்ற விதியை ஏற்காத மாணவியை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எப்போது, எப்படிப் படிப்பது என்று தாங்களே முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவர்கள்தான் விடுதி மாணவர்கள் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. நம் நிர்வாகங்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும்.

கல்லூரிகள் மெஸ் கணக்கை மாணவர்களிடம் ஒப்படைக்கட்டும். விடுதி நேரத்தை மாணவிகளும் சேர்ந்து முடிவு செய்யட்டும். எடுத்த முடிவுக்கு அவர்களே பொறுப்பேற்கவும் வேண்டும். விதியை மீறினால் அப்பாவுக்குப் போன் போடாமல் அவர்களையே கூப்பிட்டுக் கேளுங்கள். பெற்றோரே, செமஸ்டர் செலவுப் பணத்தை மொத்தமாகக் கொடுத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் கணக்குக் கேளுங்கள். குறைந்தால் கோபப்படாமல் கேளுங்கள். அப்போதுதான் அடுத்த முறை பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள்.