கட்டுச்சோறும் கணிப்பொறியும்

வழிப்பயணம் செல்வோர் கட்டுச்சோறு கொண்டு செல்லுதல் தமிழர்தம் பழைய வழக்கம். செல்லும் ஊரில் அடுப்பு கிடைக்குமா, அரிசி கிடைக்குமா என்னும் ஐயத்திற்கு இடமின்றி, உண்பதற்கு வேண்டிய அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டி எடுத்துச் சென்றனர் நம் முன்னோர். மென்பொருள் ஆக்குவோரும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்பது நம் துணிபு. இக்கருத்து நமக்கு ஏட்டறிவால் வந்ததன்று, பட்டறிவால் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலையொட்டிய தெருவொன்றில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இம்மலருக்குக் கட்டுரை வேண்டி நின்றோம். அவர் 1998ஆம் ஆண்டளவில் கணிப்பொறியில் அடித்துவைத்த கட்டுரைகள் அடங்கிய பிளாப்பி வட்டுகளை மகிழ்வுடன் தந்தார். அரிதின் முயன்று அவற்றைத் திறந்தோம். திரையில் தமிழ் இல்லை; பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே நிறைந்திருந்தன. கட்டுரை வட்டில் இருந்தது. அதனைக் காட்டவல்ல எழுத்துரு இல்லை. அவர் கையாண்ட எழுத்துருக்கள் இரண்டு. ஒன்றன் குறியீட்டை அறிந்த மாற்றி கிடைத்தமையால் அக்கட்டுரைகள் மீண்டன. மற்றொன்றில் அமைந்தவை, அச்சுப்படியும் இல்லாமையால், இன்றுவரை மீளவில்லை. பல்லாண்டு உழைப்பைப் பறிகொடுத்த அப்பெருமகனாரின் முகத்தை நாம் எளிதில் மறப்பதற்கில்லை.

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணையம் மாநாடு விசைப்பலகையையும் எழுத்துக் குறியீட்டையும் ஒழுங்குபடுத்த முனைந்தது. பின்னர் ஒருங்குறி பரவியது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. ஆகவே சிக்கல் தீர்ந்தது எனச் சிலர் கூறுவர். எழுத்தளவில் பெரும்பாலும் தீர்ந்தது உண்மையே, மென்பொருளளவில் தீரவில்லை. எந்த மென்பொருளும் தனித்து இயங்குவதில்லை. பிறர் எழுதிய நிரல் தொகுதிகள் பலவற்றை அது சார்ந்து நிற்கிறது. அவற்றுள் ஒன்று இல்லாதொழியினும், வேறு பதிப்பாக இருப்பினும், முழுமையும் முடங்கும். ஆக்கியவர் கணிப்பொறியில் அழகாக ஓடிய சொற்பிழை திருத்தி, நம் துறைக் கணிப்பொறியில் ‘இன்ன கோப்பு காணப்படவில்லை’ என்று நின்றுவிடுவது இதனாலேயே.

இதற்கு மருந்து, மென்பொருளையும் அது சார்ந்த தொகுதிகளையும் ஒரே பொதியாகக் கட்டித் தருதலாகும். 1997இல் ஜாவா மொழிக்கு ‘ஜார்’ என்னும் பொதிமுறை வந்தது. அது ‘ஜிப்’ அமைப்பைத் தழுவியது. பைத்தான் மொழியின் 3.5ஆம் பதிப்பு, நிரல்களை ஒரே ஜிப் பொதியாக்கி அப்படியே இயக்கும் கருவியை 2015இல் தந்தது. எனினும் இவற்றில் ஜாவாவும் பைத்தானும் பொதிக்கு வெளியேதான் நிற்கின்றன. சோறு கட்டப்பட்டது, இலை கட்டப்படவில்லை. 2013இல் வெளிவந்த டாக்கர் முதலியன இயங்குசூழலையும் சேர்த்துக் கட்ட வழிசெய்தன.

தமிழிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. ‘தமிழா’ குழுவினர் வழங்கிய இ-கலப்பை, கீமேன் என்னும் விசைப்பலகை இயக்கியையும் தமிழ் விசைப்பலகையையும் ஒருங்கே நிறுவித் தந்தது. எளியோரும் தமிழில் எழுத அது துணைநின்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்புகளாகவும் நூல்களை வழங்கியது. எழுத்துரு இல்லார் வீட்டிலும் தமிழ் தமிழாகவே தோன்றியது.

இலக்கிய மாணவர்க்கு இது புதிதன்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, மூலச்சுவடி மட்டும் போதவில்லை. சமண சமய மரபை அறிய வேண்டியிருந்தது. கும்பகோணத்துச் சமணரை அணுகித் தெளிந்தார். 1887இல் நச்சினார்க்கினியர் உரையோடு நூலை வெளியிட்டார். மூலமும் அதனை விளங்கவைப்பதும் ஒன்றாய்ச் செல்லும்போதே நூல் வாழ்கிறது.

பொதிமுறைக்கு மறுப்பும் உண்டு. ஒரே தொகுதி பத்துப் பொதிகளில் பத்துமுறை இடம்பிடிக்கும். அதனினும் பெரிது பாதுகாப்பு. 2021 டிசம்பரில் ‘லாக்ஃபோர்ஜே’ என்னும் ஜாவா தொகுதியில் கொடிய குறை வெளிப்பட்டபோது, தம் மென்பொருள்களுள் அது எங்கெங்குப் புதைந்துள்ளது என்றறியாது உலகெங்கும் நிறுவனங்கள் தவித்தன. பொதுவில் வைத்த தொகுதியை ஓரிடத்தில் திருத்தினால் போதும். பொதிகளுள் கிடப்பதைப் பொதிதோறும் திருத்த வேண்டும். கட்டுச்சோறு நாட்பட்டால் ஊசிப்போகும் என்பதை மறுப்பாரில்லை.

எனவே கட்டுதல் மட்டும் போதாது. கட்டினுள் இருப்பதைக் கூறவும் வேண்டும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர் முதலியவற்றைப் பாயிரம் உரைக்க வேண்டும் என நன்னூலார் வகுத்தார். மென்பொருட் பொதிக்கும் அத்தகைய பாயிரம் தேவை. உள்ளிருக்கும் தொகுதிகள் யாவை, எப்பதிப்பின, யார் ஆக்கியவை, எவ்வுரிமத்தால் சேர்க்கப்பட்டவை என அது மொழிதல் வேண்டும். இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’ 2024 அக்டோபரில் இத்தகைய உள்ளடக்கப் பட்டியலுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. பிறரது எழுத்துருவை உரிமம் பாராது உள்ளே கட்டுவது பிறர் சோற்றைத் தம் மூட்டையில் வைப்பதற்கு ஒப்பாகும் என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

மாநகரில் விரைவான இணையத் தொடர்பில் அமர்ந்து ஆக்குவோர், ‘வேண்டியவற்றை நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று எளிதிற் கூறிவிடுவர். இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரே கணிப்பொறியைப் பலர் பகிரும் பள்ளிகளையும் படிப்பகங்களையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ் மென்பொருள் ஆக்கும் நம் மாணவர் முழுமையாகக் கட்டுக, பாயிரத்தோடு கட்டுக, குறை கண்டவிடத்துப் புதிதாய்க் கட்டித் தருக. மடவார் வளாகத்து ஆசிரியருக்கு நேர்ந்தது இனியொருவருக்கும் நேராதிருக்கட்டும்.