அவகாடோ கொட்டையும் கோயில் குழாயடியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிச்சிடுங்க.

நம்ம மடப்பள்ளிக்குப் பின்னாடி குழாயடியில இப்போ 11 பூந்தொட்டி நிக்குது. எல்லாமே அவகாடோ செடி. ஒண்ணுகூட நாங்க வாங்கி வச்சதில்ல. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு கூட்டம் கலைஞ்ச பிறகு போய்ப் பார்த்தா புதுசா ஒண்ணு கூடியிருக்கும். இனியும் பேசாம இருந்தா சரிப்படாதுன்னுதான் தொண்டர்கள் நாங்க சேர்ந்து இதை எழுதுறோம்.

வீட்டுல கொட்டை போட்டு வளர்க்கிறதை நாங்க குறை சொல்லல. எங்கள்ல பல பேர் வீட்டுலயும் ஒண்ணு ரெண்டு இருக்கு. காசு குடுத்து வாங்கின பழம், அவ்வளவு பெரிய கொட்டையைக் குப்பையில போட மனசு வராது. பள்ளி விட்டு வர்ற பிள்ளைங்க பையைக் கழட்டுறதுக்கு முன்னாடி போய் முளை வந்திருக்கான்னு பார்க்கும். கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்க வைக்கிற எதுவும் நல்லதுதான். ஆனா எப்படி வளர்க்கிறோம், வளர்ந்ததை எங்க கொண்டு போறோம்ங்கிறதுல சில விஷயம் பேசியாகணும்.

முதல்ல தண்ணி. காணொளி எல்லாத்துலயும் கொட்டையில நாலு பல்குச்சியைக் குத்தி கிளாஸ் தண்ணி மேல உட்கார வைக்கச் சொல்றாங்க. குளிர் நாட்டுல அது சரி, நம்ம ஊருக்கு ஆகாது. வேர் வரவே ரெண்டு வாரத்துலேர்ந்து ஆறு வாரம் வரைக்கும் பிடிக்கும். ஏடிஸ் கொசு முட்டையிலேர்ந்து வெளியே வந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணியை மட்டும் மாத்தினா பத்தாது. கிளாஸ் ஓரத்துல ஒட்டின முட்டை காய்ஞ்ச நிலையிலயே மாசக்கணக்கா இருந்து, மறுபடி தண்ணி பட்டதும் பொரிக்கும். தேய்ச்சுக் கழுவணும். அதை யார் செய்யுறா, சொல்லுங்க? புழு இருந்தா 1975-ஆம் ஆண்டு சட்டப்படி சுகாதார அதிகாரிங்க அபராதம் போடலாம். வீடுன்னும் பார்க்க மாட்டாங்க, கோயில்னும் பார்க்க மாட்டாங்க. நம்ம குழாயடியில ரெண்டு தொட்டிக்கு அடியில தட்டு, தட்டு நிறைய மழைத்தண்ணி. சாயங்காலம் பிள்ளைங்க தேவாரம் படிக்க உட்கார்ற இடம் அங்கேர்ந்து பத்தடிதான். டிங்கி வந்து படுத்தவங்க வீட்டைக் கேட்டுப் பாருங்க, அது எவ்வளவு பெரிய வேதனைன்னு.

நேரா மண்ணுல போட்டுடுங்க. கொட்டையைக் கழுவி, காய விடாம, அகலமான பக்கம் கீழயும் கூரான பக்கம் மேலயும் இருக்க, பாதிக்கு மேல புதைச்சா போதும். மண்ணோட மணலும் தேங்காய் நாரும் கொஞ்சம் கலந்துக்கலாம். தொட்டிக்கு அடியில ஓட்டை கண்டிப்பா வேணும், ஏன்னா தண்ணி நின்னா அவகாடோ வேர் அழுகிடும். நல்லாப் பழுத்த பழத்தை வெட்டும்போதே சில சமயம் கொட்டை வெடிச்சு வேர் எட்டிப் பார்க்கும். அது கிடைச்சா யோகம்தான்.

அடுத்தது பழம். "வளரட்டும் தம்பி, நாளைக்குச் சாமிக்கே நைவேத்தியம் ஆகும்"னு ஒரு அக்கா சொன்னாங்க. நல்ல மனசு. ஆனா கொட்டையிலேர்ந்து வந்த மரம் காய்க்க அஞ்சு வருஷமும் ஆகலாம், பத்து வருஷத்துக்கு மேலயும் ஆகலாம், காய்க்காமலே போகவும் செய்யலாம். காய்ச்சாலும் நீங்க சாப்பிட்ட அதே பழம் வராது. கடையில கறுத்த சொரசொரப்பான தோலோட விக்கிற ஹாஸ் பழத்தோட கதையைக் கேளுங்க. கலிஃபோர்னியாவுல ருடால்ஃப் ஹாஸ்னு ஒரு தபால்காரர், 1920-களில் போட்ட கொட்டையில எதிர்பாராம முளைச்ச ரகம் அது. 1935-ல அதுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கிற ஹாஸ் மரம் எல்லாம் அந்த ஒரே மரத்துலேர்ந்து ஒட்டுக் கட்டி வந்த வழிதான். தாய் மரம் 2002-ல பட்டுப்போச்சு. ஒவ்வொரு கொட்டைக்கும் அந்த மாதிரி அதிர்ஷ்டம் அடிக்காது. அதுவும் ஹாஸுக்குக் குளிர்ச்சி வேணும், நம்ம தாழ்நிலச் சூட்டுல அது சரியாக் காய்க்காது. தரை வீட்டுல இடம் இருந்து பழம்தான் வேணும்னா, நம்ம சூட்டுக்கு ஏத்த ஒட்டுச்செடியா நாற்றுக் கடையில பார்த்து வாங்குங்க. கொட்டைச் செடியை இலை அழகுக்காக வளருங்க.

மரமா விட்டா அது பத்து மீட்டருக்கு மேல போகும். நம்ம வளாகத்துல திருவிழா அன்னிக்குக் காரு நிறுத்தவே இடமில்ல.

"செடியைத் தூக்கிப் போட்டா பாவம், கோயில்ல விட்டா புண்ணியம்"னு நினைச்சுத்தான் கொண்டு வந்து வைக்கிறாங்கன்னு புரியுது. பழைய சாமி படத்தை அரசமரத்தடியில சாய்ச்சு வச்சிட்டுப் போற அதே பழக்கம்தான் இது. (அதைப் பத்தி எழுதினா தனிப் பதிவு ஆயிடும்.) வீட்டுல இறக்கி வச்ச பாரம் இப்போ வாரத்துல ரெண்டு நாள் வந்து கூட்டிப் பெருக்கிற ஆறு பேர் தலையில. கேட்காம வச்சிட்டுப் போறதை உபயம்னு நாங்க ஏத்துக்க முடியாது.

இந்தப் பதிவுக்கு உண்மையான காரணம் இனிமேதான். போன வாரம் நம்ம கோசாலைக் கன்னுக்குட்டி கயித்தை இழுத்துக்கிட்டு வந்து அந்தத் தொட்டியில வாய் வைக்கப் போச்சு. நல்ல வேளை, பக்கத்துல ஆள் இருந்தாங்க. அவகாடோ இலை, தோல், கொட்டை மூணுலயும் பெர்சின்னு ஒரு நச்சு இருக்கு. மாடு தின்னா மடி வீங்கி பால் குறையும், இதயமும் பாதிக்கலாம். ஆடு, குதிரை, முயலுக்கும் ஆகாது. வீட்டுல கிளி வளர்க்கிறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், பறவைக்கு உயிரே போயிடும். செடிக்கும் கன்னுன்னுதான் பேரு, மாட்டுக்கும் கன்னுன்னுதான் பேரு, ஆனா இந்த ரெண்டையும் பக்கத்துல வைக்க முடியாது.

மாட்டுக்குக் கொடுக்கணும்னு வீட்டுலேர்ந்து காய்கறித் தோல் கட்டிக் கொண்டு வர்ற அம்மாமாரே, உங்க கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம். அந்தப் பையில அவகாடோ தோல் ஒரு துண்டுகூட இருக்க வேண்டாம். அகத்திக்கீரையும் வாழைப்பழமும் கொடுங்க, தாராளமா வாங்கிக்கிறோம்.

கோயிலுக்குச் செடிதான் தரணும்னு ஆசையா? துளசி, வில்வம், நந்தியாவட்டை, செம்பருத்தி எது வேணும்னாலும் முதல்ல அலுவலகத்துல ஒரு வார்த்தை கேளுங்க. அருகம்புல்லுக்கு வாரா வாரம் அலையுறோம். தொட்டியில அதை வளர்த்துத் தர்றவங்களுக்கு விநாயகர் சன்னதியில எப்பவும் வேலை இருக்கு.

அந்த 11 தொட்டியையும் மண்டபத்து முன்வாசலுக்கு மாத்தியாச்சு. தட்டெல்லாம் எடுத்தாச்சு. வர்ற பௌர்ணமி வரைக்கும் அங்கேயே இருக்கும். உங்களோடதுன்னா வந்து எடுத்துக்கிட்டுப் போங்க, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். வீட்டுல வச்சு வளர்க்க ஆசை இருக்கிறவங்களும் வந்து கேட்டு எடுத்துக்கலாம், ஆளுக்கு ஒண்ணு.