தாயின் சுமையும் நாட்டின் கடமையும்

ஊனமுற்ற குழந்தையின் உரிமையைப் பற்றிப் பேசுவோர் இன்று நம்மிடையே பலர் உளர். அக்குழந்தையை இடுப்பிற் சுமந்து திரியும் தாயின் உள்ளத்தைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்?

பெருமூளை வாதத்தாற் கைகால் வழங்காத குழந்தைக்குப் பத்து வயதானாலும், அதனைத் தூக்குபவளும் குளிப்பாட்டுபவளும் ஊட்டுபவளும் இரவிற் பலமுறை புரட்டிப் படுக்க வைப்பவளும் தாயே. குழந்தையின் நிறை ஆண்டுதோறும் கூடுகின்றது. தாயின் முதுகு ஆண்டுதோறும் தளர்கின்றது. உறக்கமில்லை, கூலிக்குப் போக வழியில்லை, நன்மை தின்மைக்குச் செல்லவும் இயலவில்லை. போதாக்குறைக்கு, "முற்பிறப்பின் வினை" என்று ஊரார் உரைக்கும் சொல் வேறு. இந்நிலையில் அவள் மனம் சோர்ந்தால் அதனைக் குணக்கேடு என்பதா? அது நோயாக முற்றக்கூடியது. அந்நோய்க்குச் சிகிச்சையும் உண்டு. மனச்சோர்வு முற்றிய தாயாற் குழந்தைக்குரிய பயிற்சிகளை ஒழுங்காகச் செய்விக்கவும் இயலாது. ஆகவே, தாயைப் பேணாத திட்டம் குழந்தையையும் பேணாது.

சட்டம் என்ன சொல்கின்றது? ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தொழிலிலும் கல்வியிலும் பாகுபாட்டைத் தடுக்கின்றது. நன்று. ஆனால், வீட்டிலிருந்து உழலும் தாய்க்கு அது தரும் ஆறுதல் யாது? ஐக்கிய நாடுகள் சபை 2006 இல் நிறைவேற்றிய சமவாயம் ஒருபடி மேலே செல்கின்றது. வறுமையில் வாடும் ஊனமுற்றோருக்கு மட்டுமன்றி, அவர்தம் குடும்பத்தினருக்கும் பணவுதவி, பயிற்சி, உளவள ஆலோசனை, பராமரிப்போர் இளைப்பாறுவதற்கான மாற்று ஏற்பாடு ஆகியன கிடைக்கச் செய்யுமாறு அதன் 28 ஆம் உறுப்புரை அரசுகளைப் பணிக்கின்றது. இலங்கை அரசு 2016 இல் அதனை ஏற்று உறுதி செய்தது. உலக அரங்கிற் கொடுத்த வாக்கு கிராமத்துக் குடிசை வாசலுக்கு வந்து சேர்ந்ததா என்று நாம் கேட்கின்றோம்.

கொழும்பைக் குறைகூறுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் ஊனமுற்றோரின் புனர்வாழ்வையும் நலனையும் மாகாண சபைகளின் நிரலிலே வைத்தது. வட மாகாண சபை 2013 முதல் 2018 வரை நம்மவர் கையிலே இருந்தது. அதிகாரம் போதாது என்ற முறையீடு நியாயமானதே. எனினும், கையிலிருந்த அதிகாரத்தால் எத்தனை தாய்மாருக்கு ஒருநாள் ஓய்வு கிட்டியது? உரிமை கேட்கும் இனம் இக்கேள்விக்கும் விடை கூறக் கடமைப்பட்டது.

நாம் கேட்பவை பெரியன அல்ல. வீடு தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர், குழந்தையின் நிறையைப் பார்ப்பதுபோலத் தாயின் உறக்கத்தையும் விசாரிக்கட்டும். உளவள ஆலோசனை அண்மையிலுள்ள மருத்துவமனையிலே, தாயின் மொழியிலே கிடைக்கட்டும். ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் கிழமைக்கு இரு நாட்களேனும் இக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பகல் நிலையம் அமையட்டும்.

அதுவரை நம் சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் வாளாவிருக்க வேண்டியதில்லை. ஒருவர் வயலில் மற்றவர் இறங்கி அறுத்துக் கொடுக்கும் வழக்கம் நம் கமக்காரருக்குப் புதிதன்று. அதே முறையில், அயலவர் ஒருவர் அரைநாள் அக்குழந்தையைப் பார்த்துக்கொண்டால் ஒரு தாய் கண்ணயர்வாள்.

தமிழ்த் தாய் என்று மேடைதோறும் முழங்கும் நாம், நம் ஒழுங்கைக் கோடியிலே தனித்துச் சுமக்கும் தமிழ்த் தாயை மறத்தல் தகுமா?