'கட்' என்னும் சொல்லும் நமது சிவப்பு மையும்

ஆங்கிலத்தில் 'கட்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அதற்குப் பொருள் யாது என்று நம் மாணவனைக் கேட்டால், 'வெட்டு' என்று நொடியில் விடையிறுப்பான். நாம் அவ்வாறுதான் கற்பித்திருக்கிறோம். ஒரு சொல், அதன் அருகே ஒரு சமக்குறி, அதற்கப்பால் ஒரே பொருள். இந்தச் சமக்குறிதான் நம் பள்ளிகளில் மொழிக் கல்வியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. ஆங்கிலச் சொல்லைப் பற்றித் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனுக்கு என்ன கவலை என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். கவலை உண்டு, பின்னர் விளங்கும்.

மாணவன் ஒருவன் தன் ஆங்கிலக் கட்டுரையில், பேருந்து ஒன்று தன் தந்தையின் மகிழுந்தைக் 'கட்' செய்தது என்று எழுதினான். ஆசிரியர் அச்சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, 'அகராதியைப் பார்' என்று குறித்தனுப்பினார். மாணவன் பார்த்தான். அங்கே கத்தி இருந்தது, மரம் இருந்தது, தலைமுடி இருந்தது. அவன் கண்ட சாலை இல்லை. அவன் எழுதிய பொருள் எங்கிருந்து வந்தது? மலாய் மொழியில் 'பொத்தோங்' என்னும் சொல் வெட்டுதலையும் குறிக்கும். ஒரு வண்டி மற்றொன்றை முந்திச் செல்வதையும் குறிக்கும். அந்த இரண்டாம் பொருளை இந்நாட்டு மக்கள் இனவேறுபாடின்றித் தம் ஆங்கிலப் பேச்சில் 'கட்' என்னும் சொல்லின்மேல் ஏற்றிவிட்டனர். சிங்கப்பூரிலும் அவ்வாறே. எனவே அம்மாணவன் தான் நாள்தோறும் கேட்ட வழக்கைப் பிழையின்றி எழுதினான். எழுதிய இடம் ஒன்றுதான் பொருந்தவில்லை. வெளிநாட்டுத் தேர்வாளர் அதனைப் படித்தால், மகிழுந்து இரு துண்டானதோ என்று திகைப்பார். இதனை அவனுக்கு எடுத்துரைக்க இரண்டு மணித்துளிகள் போதும். அந்த இரண்டு மணித்துளிகளைத்தான் சிவப்பு மை விழுங்கிவிட்டது.

அகராதியே முடிந்த முடிபு என்போர் அகராதிகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். பிரான்சிசு குரோசு என்பவர் 1785இல் இலண்டன் தெருப்பேச்சுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். பிறர் அதனை விரித்து 1811இல் வெளியிட்ட பதிப்பில், 'கட்' என்பதற்குக் குடிமயக்கம் என்றும், ஒருவரை விட்டு நீங்குதல் என்றும் பொருள்கள் காணப்படுகின்றன. முன்னது வழக்கில் தேய்ந்தது. பின்னதன் உறவுப்பொருளாகிய, அறிமுகமானவரைக் கண்டும் காணாததுபோல் ஒதுக்குதல் என்பதோ இன்று பேரகராதிகளில் மதிப்போடு வீற்றிருக்கிறது. நங்கூரக் கயிற்றை வெட்டியெறிந்துவிட்டுக் கப்பலை விரைந்து செலுத்தியோரின் தொழிற்பேச்சு, இடரை விட்டு ஓடுதல் என்னும் பொதுப்பொருளை ஆங்கிலத்துக்குத் தந்தது. நம் மண்ணின் 'லெப்பாக்' என்னும் சொல்லையே ஆக்சுபோர்டு பேரகராதி 2016இல் ஏற்றுக்கொண்டது. நேற்றைய கொச்சை இன்று அகராதியில் அமர்கிறது. நேற்றைய அகராதிப்பொருள் வழக்கொழிகிறது. இதில் எதனைப் 'பொய்ப்பொருள்' என்று அடிப்பது?

இனி எதிர்முகாம் ஒன்றுண்டு. மக்கள் பேசுவதெல்லாம் மொழியே, திருத்துவது ஆணவம் என்பர் அவர்கள். இவர்களை நான் அதனினும் அஞ்சுகிறேன். இப்படிப் பேசுவோரின் பிள்ளைகள் வீட்டிலேயே இருவகை ஆங்கிலமும் கேட்டு வளர்கின்றனர். தோட்டத்திலிருந்து பெயர்ந்து பட்டணத்து அடுக்குமாடியில் குடியேறிய ஓட்டுநரின் மகளுக்கு மற்றொரு வழக்கு உண்டென்பதைச் சொல்ல, ஆசிரியரை விட்டால் வேறு யாருமில்லை. அவளைத் திருத்தாமல் விடுவதும் ஒருவகைக் கைவிடலே.

இங்கேதான் தமிழாசிரியருக்கு வேலை இருக்கிறது. நன்னூலார் குழூஉக்குறி என்று ஒன்றை வகுத்துத் தகுதி வழக்கினுள் வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைப் பிழையென ஒதுக்காமல், இன்னார் வழக்கு என்று இடஞ்சுட்டி வைத்த நெறி அது. இன்றைய கொச்சை வழக்கு முழுவதும் குழூஉக்குறியில் அடங்காது என்பதை அறிவேன். எனினும் பார்வைக்கு வேண்டிய கண்ணாடி நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. நாமோ அதனைத் தேர்வுக்கு இரண்டு எடுத்துக்காட்டாக மனப்பாடம் செய்வித்து மூடிவிடுகிறோம்.

அச்சமக்குறி தமிழுக்கு இழைக்கும் கேட்டையும் காண்க. வெங்காயத்தை அரிகிறோம், காயை நறுக்குகிறோம், கதிரை அறுக்கிறோம், பூவைக் கொய்கிறோம், முடியைக் கத்தரிக்கிறோம், மரத்தைத் தறிக்கிறோம், மின்சாரத்தைத் துண்டிக்கிறோம். ஏழு வினைகள்! நம் மாணவன் வாயில் ஏழும் 'கட் பண்ணு' என்றாகிவிட்டன. 'கட்' என்றால் வெட்டு, வெட்டு என்றால் 'கட்' என்று பழக்கிய பின், மற்ற ஏழும் எதற்கென்று அவன் எண்ணுவதில் வியப்பென்ன? நம் 'வெட்டு' மட்டும் ஒற்றைப்பொருட் சொல்லா? கிணறு வெட்டுகிறோம், மின்னல் வெட்டுகிறது, கருத்தை வெட்டிப் பேசுகிறோம், விருந்தில் ஒருவன் நன்றாக வெட்டினான் என்றால் அங்கே அரிவாள் ஏது? 'வெட்டி வேலை' என்பதிலுள்ள வெட்டியோ வேறு. சோழர் கல்வெட்டுகளில் கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலையைக் குறித்த சொல் அது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த கிழமை ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். 'கட்' என்பதைக் கரும்பலகையின் நடுவே எழுதி, சாலையில், சமையலறையில், தையற்கடையில், படப்பிடிப்பில், வகுப்புக்கு மட்டம் போடும் மாணவனிடத்தில் அது என்ன பொருள் தருகிறதென்று மாணவரையே சொல்லச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ்வினையையும் மலாய்ச் சொல்லையும் அவர்களே தேடட்டும். பின்னர், இவற்றுள் எதனைத் தேர்வுத்தாளில் எழுதலாம், எதனை நண்பனிடம் மட்டும் சொல்லலாம் என்று கேளுங்கள். சிவப்பு மையை அன்று மட்டும் மேசையறைக்குள் வைத்துவிடுங்கள்.