ஏட்டிலே கிடந்த சட்டம்

ரோட்டில் அடிபட்டு விழுந்தவனுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கைக்காசு கேளாமல் சிகிச்சை கிடைக்க இந்திய சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தே தீர வேண்டுமென்று பார்லிமெண்டார் 2019-ம் வருஷத்திலேயே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த 162-வது பிரிவு 2022 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. பிரிவு வந்ததேயொழிய திட்டம் வரவில்லை. அந்த ஒரு வருஷத்தில் மாத்திரம் ரோடு விபத்துக்களில் மாண்டவர் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்கே கூறுகிறது. காலத்தில் வைத்தியம் கிடைத்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களென்று எந்தக் கணக்கன் எழுதப் போகிறான்?

கோயமுத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 ஜனவரி 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஓகாவும் மஸீஹும், மார்ச்சு 14-ந் தேதிக்குள் திட்டத்தை வகுக்கவேண்டுமென்று உத்தரவிட்டார்கள். கெடு வந்தது, போயிற்று. இலாகா காரியதரிசியையே கோர்ட்டுக்கு வரவழைத்துக் கடிந்துகொண்ட பிறகுதான், மே 5-ந் தேதி திட்டம் வெளியாயிற்று. அடிபட்ட ஒருவருக்கு 7 நாட்கள் வரை, ரூ.1,50,000-க்கு மேற்படாமல், பணமின்றிச் சிகிச்சை.

நிர்வாகத்தின் வேலையில் நீதிபதிகள் தலையிடலாமா என்று கேட்போர் உண்டு. இவ்வாக்ஷேபம் நமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. கோர்ட்டார் புதுச் சட்டம் எதுவும் செய்யவில்லை; ஜனப் பிரதிநிதிகள் செய்த சட்டத்தை நடத்தும்படி கேட்டார்கள், அவ்வளவே. உயிரைக் காப்பது சர்க்கார் டாக்டருக்கும் தனி டாக்டருக்கும் முதற் கடமை, போலீஸ் சடங்குகள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது என்று இதே கோர்ட்டு 1989-ல் பரமானந்த கடாரா வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டதே! திட்டம் வகுப்பது பெரும் பிரயாசை என்ற சமாதானமும் செல்லாது. சென்னை சர்க்கார் 2021 டிசம்பரிலேயே, முதல் 48 மணி நேரத்திற்கு ரூ.1,00,000 வரை இலவசச் சிகிச்சையென்று தொடங்கிவிட்டனர்.

இனி, திட்டத்தின் குறை. குறிக்கப்பட்ட ஆஸ்பத்திரியில்தான் முழுச் சிகிச்சை. மற்ற இடத்தில் உயிரை நிலைப்படுத்தும் அளவுக்கே உண்டு. பட்டணத்தில் இது பெரிய கஷ்டமன்று. ஆனால் விபத்து ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தா நடக்கிறது? நெடுஞ்சாலையோரத்துக் கிராமத்தில் நள்ளிரவில் லாரி மோதியவனுக்கு, குறிக்கப்பட்ட ஆஸ்பத்திரி மிகத் தொலைவில் இருக்குமானால், அந்த ஒரு மணி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடும். தலையில் பலத்த அடிபட்டவனுக்கு 7 நாள் போதுமா என்பதையும் வைத்தியர்களைக் கேட்டால் தெரியும். எட்டாவது நாள் அவன் வீட்டார் தாலியை அடகு வைக்கத்தான் வேண்டும்.

மாகாணந்தோறும் ரோடு பாதுகாப்புக் கௌன்ஸில்களே இத்திட்டத்தை நடத்தவேண்டியவை. தம் ஜில்லாவில் எந்தெந்த ஆஸ்பத்திரிகள் குறிக்கப்பட்டிருக்கின்றன, அப்பட்டியல் எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டப்பட்டிருக்கிறது, செய்த சிகிச்சைக்குப் பணம் எத்தனை நாளில் போய்ச் சேருகிறது என்று நம் ஊழியர்கள் அக்கௌன்ஸிலாருக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராவிடில் மறுபடியும் எழுத வேண்டும்.